காணிக்கையாய்ப் போன மூச்சு மெஷின்

அல்லிநகரம், தேனி
19.1.2025, ஞாயிறு

தம்பி முத்துராஜாவுக்கு அக்கா எப்சிபா எழுதுவது.

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன் பெண்டாட்டிக்கு அடித்தால், "அவுக பேசுற நெலமைல இல்ல மதினி" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். கிருபாவதிக்குச் சொந்தமாகப் பொய் சொல்லத் தெரியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். கடிதத்தை அணைத்து வைக்க முடியாது. கிழிக்கலாம், கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது கண்ணில் படும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாய். உன் நெற்றியில் பத்துத் தையல், இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்குகிறது. உன் பிக்கப் வண்டியில் எட்டு வருஷமாக மூட்டை ஏற்றி இறக்குகிற ஒச்சாண்டிக்கு உள்ளே காலில் தகடு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்டாட்டி சோணையம்மாள் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் வாய் கொடுக்க வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டேன். அதற்காக என்னிடம் பதில் இல்லை என்று நினைத்துவிடாதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்து, தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தேழு தடவை உனக்கு மூச்சு நிற்கிறது என்றார்கள். நாலு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், அந்த டாக்டர் உன் முகத்தைப் பார்த்தாரா? கம்ப்யூட்டரைப் பார்த்தே வெயிட்டைக் குறை, தூக்கத்தில் மாஸ்க் வழியாகக் காற்று அடிக்கிற மெஷினை வாங்கு, இல்லாவிட்டால் இருதயம் போய்விடும் என்றார். வாங்கி மாட்டினால் மாஸ்க் ஓரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு வந்து கண்ணில் அடிக்கிறது, தூங்க முடியவில்லை என்று அடுத்த தடவை போய்ச் சொன்னோம். கம்பெனிக்காரரைக் கேளுங்கள் என்றார். கம்பெனிக்காரர் டாக்டரைக் கேளுங்கள் என்றார். மூன்றாவது தடவை, சொன்னபடி கேட்காத நோயாளி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாற்பத்தாறு வயது மனுஷனை வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல. அந்தச் சீட்டை வாசித்துச் சொன்ன நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் வேறு வழி தேடினேன். குமுளி வைத்தியசாலையில் மூக்கில் எண்ணெய் விட்டார்கள். வடுகபட்டி சுருளிராஜன் மாஸ்டர், ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், தொண்டைச் சதை இறுக வேண்டும் என்று தினமும் சங்கு ஊதச் சொன்னார். சர்ச்சுக்குப் போகிறவன் விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று சங்கு ஊத, யார் வீட்டில் எழவு என்று தெருவே உன் வாசலில் கூடிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி நாம் எவ்வளவு சிரித்தோம். மூன்றாம் மாதம் நீயே உன் வாயால், குறட்டை நின்றுவிட்டது, பகலில் கண் சொக்குவதில்லை என்றாய். அதை நம்பித்தான் நவம்பரில் எங்கள் சர்ச்சு அறுப்பின் பண்டிகைக்கு அந்த மெஷினைக் கொண்டுபோய்க் காணிக்கை வைத்தேன். மற்றவர்கள் வாழைத்தாரும் சேவலும் வைத்தார்கள். நான் என் தம்பிக்குக் கிடைத்த சுகத்தை வைத்தேன். எழுந்து நின்று, தம்பிக்குக் கடவுள் சுகம் கொடுத்தார் என்று எல்லார் முன்னாலும் சாட்சியும் சொன்னேன். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது ஹார்டுவேர் கடை ஜாஸ்பர் அதை எடுத்துக்கொண்டார். இதில் என் தப்பு எது என்று நீ எழுது.

அக்கா எப்சிபா


கம்பம்
24.1.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. ஒரு கையால் கிழிக்க வரவில்லை.

போனில் பேசினால் வேறு வார்த்தை வரும் என்பதால் எழுதுகிறேன். தப்பு எது என்று கேட்டாய். என்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு. நான் சரக்கு ஏற்றப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, தம்பிக்குத் தெரியும் என்று கிருபாவதியிடம் சொல்லி, அலமாரியிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அடுத்த ஞாயிறு உங்கள் சபைக்கு வந்தால் ஆள் மாற்றி ஆள் என் கையைக் குலுக்குகிறார்கள். போதகர் பிரசங்கத்துக்கு நடுவில் என்னை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருகிறது என்று யாரிடம் சொல்வேன்? சொன்னால் உன் சாட்சி பொய்யாகும். எப்சிபா தம்பிக்கு விசுவாசம் போதவில்லை என்பார்கள். இன்னொரு மெஷின் வாங்கினால் அது ஒரு வாரத்தில் தேனி பஜார் முழுவதும் தெரிந்துவிடும். உன் கடைக்கு வருகிறவர்களே உன்னைக் கேட்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் எஸ்டேட் கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் கம்பமெட்டிலிருந்து வெறும் வண்டியோடு இறங்கினோம். ஒரு வளைவு வந்தது தெரியும். கண்ணைத் திறந்தபோது வண்டி பாறையில் மோதி நின்றிருந்தது. ஒச்சாண்டி பக்கம்தான் முழுக்க நசுங்கியிருந்தது. போலீஸ்காரர் கேட்டபோது, "மாடு குறுக்க வந்துருச்சு சார்" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒச்சாண்டியைக் கேட்டார்கள். அவனும் மாடு என்றான். செவலை மாடு என்றான். நான் நிறம் சொல்லவே இல்லை.

யார் கேட்டாலும் நீயும் மாடு என்றே சொல். இனிமேல் எனக்கு எந்த வைத்தியமும் பார்க்காதே.

முத்துராஜா


அல்லிநகரம்
30.1.2025

தம்பி,

மாடு என்று நீ எழுதியதற்கு முன்னாலேயே, நீ தூங்கித்தான் மோதினாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உன் கண்ணைப் பார்த்தபோதே தெரியும். தெரிந்ததனால்தான் என் தப்பு எது என்று அத்தனை சத்தமாக எழுதினேன். தப்பு செய்தவளுக்குத்தானே அவ்வளவு சத்தம் வரும்.

உனக்கு நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வடுகபட்டிக்கு முதல் தடவை போனபோது நீ வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். மாஸ்டர் என்னை மட்டும் நிறுத்தி, "ஏம்மா, இது தொண்டைக்கு ஒரு பயிற்சி, அம்புட்டுத்தான். மெஷின நிறுத்திறாதீக. ஆறு மாசங் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்து, டாக்டர் சொன்னா மட்டும் நிறுத்துங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். படியிறங்கி உன்னிடம் வந்தபோது என்ன சொன்னார் என்று கேட்டாய். நல்லபடியா ஆயிரும் என்றார் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். மறுபடி டெஸ்ட் என்றால் மறுபடி மதுரை, மறுபடி அந்த டாக்டர் வாசல். அவர் சரி, நான் தப்பு என்று ஆகிவிடும். அவர் மருந்தில்லாமல், அவர் மெஷின் இல்லாமல் என் தம்பியைக் குணமாக்கிவிட்டேன் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. காணிக்கை என்று நான் கடவுளுக்கு வைத்ததாக நினைத்தேன். அந்த டாக்டர் கண்ணில் படட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். அவர் எங்கள் சபைக்கு வருகிறவரும் இல்லை. என் வீம்புக்கு ஒச்சாண்டி கால் போயிற்று. எனக்கு நெஞ்சு ஆறவில்லை முத்துராஜா.

திங்கட்கிழமை ஜாஸ்பர் கடைக்குப் போனேன். மெஷினைக் கண்ணாடி ஷோகேஸில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பூ சுற்றி வைத்திருக்கிறார். அது என்ன சாமான் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆசீர்வாதமான பொருள் என்று எடுத்தாராம். தம்பிக்கு வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பூவைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மறுநாள் மதுரைக்குப் போனேன். டாக்டரைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைப் பார்க்க முடியவில்லை. மெஷின் பார்க்கிற அறையில் யுவராணி என்று ஒரு பெண் இருந்தாள். என் போனில் உன் போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில், இவ்வளவு அடர்த்தியான மீசைக்கு இந்த மாஸ்க் ஒட்டாது, காற்று கசியத்தான் செய்யும், மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற வகை இருக்கிறது என்றாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷமாக இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தேன் என்றாள். அவளை என்ன சொல்லித் திட்டுவது?

டாக்டர் மேல் எனக்குக் கோபம் போகவில்லை, போகாது. ஆனால் அவர் செய்தது வேறு, நான் செய்தது வேறு. புது மாஸ்க்கும் மெஷினும் இந்தக் கடிதமும் ஒரே பெட்டியில் கம்பம் பஸ்ஸில் வருகின்றன. கிருபாவதியைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம். இதை மட்டும் போடு.

அக்கா


கம்பம்
6.2.2025

அக்கா,

போட்டேன். முதல் ராத்திரியே விடிய விடியத் தூங்கினேன். சத்தமே இல்லையே என்று கிருபாவதி பயந்துபோய் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாளாம். காலையில் எழுந்தபோது தலைவலி இல்லை. தலைவலி இல்லாமல் எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நல்லாத் தூங்கி எழுந்த மூளையோடு உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அதனால் வந்த வினை இது.

நீ உன்னைப் போட்டு அடித்துக்கொள்கிறாய். நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. சங்கு ஊதிக் குறட்டை நின்றது என்று நான் சொன்னது பொய். கொஞ்சம் குறைந்தது நிஜம். நிற்கவில்லை. கிருபாவதி பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றி அப்போதே ஐந்து மாதம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளைக் கட்டுப்படுத்தி வைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் உத்தமபாளையம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரம் வண்டி ரோட்டை விட்டு இறங்கி நின்றது. கண் அசந்துவிட்டேன். அப்போது மெஷின் என் அலமாரியில்தான் இருந்தது. நீ எடுக்கவில்லை. நான்தான் மூன்று மாதமாகத் தொடவில்லை. நவம்பரில் அது ஏலத்தில் போயிற்று என்று கேட்டபோது உன் மேல் கோபம் வந்த மாதிரி எழுதினேன். முதலில் வந்தது நிம்மதி. இனி யாரும் அதை மாட்டு என்று என்னைச் சொல்ல மாட்டார்கள். பாறையில் மோதின பிறகு யார் மேலாவது போட வேண்டுமே, நீ இருந்தாய்.

ஏன் பொய் சொன்னாய் என்பாய். நீ வைத்தியம் தேடி அலைந்த அலைச்சலுக்கு ஏதாவது நல்ல சேதி கொடுக்க வேண்டும் போலிருந்தது. சொன்னதும் நீ அப்படிச் சந்தோஷப்பட்டாய். அதற்கப்புறம் மாற்றிச் சொல்லத் துணியவில்லை.

ஒச்சாண்டி வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. கிருபாவதிதான் போய் வருகிறாள். தகடு வைத்த கால் இனிமேல் மூட்டை தூக்காது என்று சொல்லிவிட்டார்களாம். நான் போய் அவனிடம் என்ன பேசுவது?

வண்டி ஒர்க்‌ஷாப்பில் தயாராகிவிட்டது. என் கைக்கட்டையும் அவிழ்க்கப் போகிறார்கள். பதினேழாம் தேதியிலிருந்து மலைக்குப் போகிறேன். விட்டால் எஸ்டேட் கடைக்காரர்கள் வேறு வண்டி பார்த்துவிடுவார்கள். இப்போதுதான் நல்லாத் தூங்குகிறேனே.

முத்துராஜா


அல்லிநகரம்
9.2.2025, ஞாயிறு

தம்பி முத்துராஜா,

நீ பொய் சொன்னாய் என்று படித்ததும் ஒரு நிமிஷம் எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மறு நிமிஷமே வெட்கமாகிவிட்டது. நீ பொய் சொன்னதனால் மாஸ்டர் சொன்னதை நான் மறைத்தது இல்லையென்று ஆகிவிடுமா?

இன்றைக்கு ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். நவம்பரில் நான் சொன்னது தப்பு என்றேன். என் தம்பிக்குக் குணமாகவில்லை, குணமானதா என்று நான் சோதிக்கவும் இல்லை, வைத்தியம் சொன்னவரே மெஷினை நிறுத்தாதே என்றார், அதை மறைத்தது நான் என்றேன். உட்காரும்போது பெஞ்சு எங்கே என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவள் மடியில் உட்காரப் பார்த்தேன். ஆராதனை முடிந்து யாரும் என்னிடம் வரவில்லை. போதகர் மட்டும் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

கேட்டுக்குப் பக்கத்தில் அனுசுயா என்று ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கும் உன் வியாதிதானாம். "ஒங்க சாட்சியக் கேட்டுட்டுத்தான் அக்கா அவுகளும் மெஷினத் தூக்கி பரண் மேல போட்டாக. எடுங்கன்னா, எப்சிபா அக்கா தம்பி போடாமத்தான இருக்காருங்கிறாக" என்றாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் அவளோடு ஆட்டோ ஏறிப்போய், நானே நாற்காலி போட்டு ஏறிப் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அந்த மனுஷன் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். என் பேச்சைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் வீட்டுப் பரணில் பெட்டி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

இப்போது உனக்கு. பத்து நாள் நல்லாத் தூங்கிவிட்டோம் என்று வண்டி எடுக்கக் கிளம்பாதே. சங்கிலும் இப்படித்தான் அவசரப்பட்டோம். யுவராணி போன் நம்பர் அனுப்புகிறேன். மெஷினில் தினமும் பதிவாகிறதாம், ஒரு மாதம் பார்த்து அவர்கள் சொல்லட்டும். டாக்டர் உன் முகத்தைப் பார்க்காவிட்டால் போகட்டும், அந்தப் பதிவைப் பார்க்கட்டும். மீறிப் பதினேழாம் தேதி வண்டியைக் கிளப்பினாயானால் நான் வந்து முன்னால் நிற்பேன். என் மேல் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

மாட்டைப் பற்றிச் சபையில் நான் வாய் திறக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. எனக்குச் சொல்லிவிட்டாய். கால் போனவனுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் ஒச்சாண்டி வீட்டுக்குப் போ.

அக்கா எப்சிபா


கம்பம்
20.2.2025

அக்கா,

பதினேழாம் தேதி வண்டி எடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் சுருளிப்பட்டிக்கு ஒச்சாண்டி வீட்டுக்குப் போய் வந்தேன். நாலு நாளாக எழுத உட்கார்ந்து எழுத்து வரவில்லை.

என்னைக் கண்டதும் கட்டிலில் இருந்து எழுந்திருக்கப் பார்த்தான். நான் பிடித்துப் படுக்க வைத்தேன். சோணையம்மாள் நாற்காலி போட்டாள். கை எப்படி இருக்கிறது, தையல் பிரித்தாகிவிட்டதா என்று அவன்தான் என்னை விசாரித்தான். கொஞ்ச நேரம் கடைக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் இனிமேல் தள்ளிப்போட்டால் வராது என்று சொல்லிவிட்டேன்.

"மாடெல்லாம் வரல ஒச்சாண்டி. நான் தூங்கிட்டேன்."

"தெரியும்ணே" என்றான்.

சோணையம்மாளைக் கடைக்கு அனுப்பினான். அவள் தெருவில் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நாலஞ்சு மாசமாவே ஒங்களுக்குத் தல சாயுதுண்ணே. நான் பாத்துக்கிட்டேதான் வருவேன். சாயுறப்பல்லாம் ஏதாச்சும் கேட்டு ஒங்களப் பேச வச்சுருவேன். அன்னைக்கு ரெண்டு லோடு எறக்குனது, எனக்கும் கண்ணு அசந்துருச்சு. நான் முழிச்சிருந்தா இப்படி ஆயிருக்காது. சாருக கேக்கவும் பயந்துபோயி மாடுன்னேன். எந் தப்புன்னு தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிட்டு வேற ஆளப் போட்டுருவீகன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

அக்கா, எனக்காகத்தான் அவன் மாடு என்று சொன்னான் என்று நான் நினைத்திருந்தேன். விசுவாசமானவன் என்று மனசுக்குள் பெருமைகூடப் பட்டேன். அவன் தன் தப்பை மறைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறான். ஆறு வாரமாகக் கால் வலியோடு இதையும் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். நான் இங்கே சாய்ந்து உட்கார்ந்து உன்னைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அவனிடம், வண்டி ஓட்டியது நான், எனக்கு வியாதி இருப்பது எனக்குத் தெரியும், உன்னிடம் சொல்லாமல் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்தது நான் என்று எத்தனையோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறான். கடைசியில், "இருந்தாலும் நான் முழிச்சிருக்கணும்ணே" என்கிறான். என் வார்த்தை அவனிடம் ஏறவில்லை. முதலாளி சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைக்கிறான்.

வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் போய் மாடு வரவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். லைசென்ஸ் போகலாம், வழக்கு மாறலாம், எனக்குத் தெரியாது. அவனும் பொய் சொன்னதாக ஆகாமல், பயந்து சொன்னான் என்று எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று நீ பார்த்துச் சொல்.

முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. ஸ்டேஷனுக்கு முன்னால் சுருளிப்பட்டிக்குப் போவோம். நீ அவனிடம் பேசு அக்கா. நேற்றும் கிருபாவதியிடம், அண்ணன் என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்டு அனுப்பியிருக்கிறான்.

உன் தம்பி
முத்துராஜா